கோணலாக நீந்திய மீன்

தூண்டிலில் இரையாகக் கட்டும் அந்தப் பொய்மீன் நேராக நீந்தாது. பெட்டியிலிருந்த மற்றவை எல்லாம் இழுத்த இழுப்புக்கு உடம்பை ஆட்டிக்கொண்டு ஒரே கோட்டில் வந்து சேரும். இது மட்டும் கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்துவிட்டு, மறந்துபோன ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் சட்டென்று ஒரு பக்கம் விலகி ஓடும். பிறகு தானாகவே கோட்டுக்குத் திரும்பும். தண்ணீரில் மூழ்கிய மரத்தடியில் அசையாமல் கிடக்கும் பாஸ் மீனுக்கு அந்த ஒரு விலகல் போதும். பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கவ்விவிடும்.

டெல்மர் அதைத் தேடிப் போய் வாங்கவில்லை. ஊர்க் கடையொன்றின் தள்ளுபடிக் கூடையில், ஒரே அச்சில் வார்த்து ஒரே வண்ணம் அடித்த ஒரு குவியலில் ஒன்றாகத்தான் கிடந்தது. தொழிற்சாலையில் அதன் தாடைக்குக் கீழே தகட்டை ஒட்டியவருக்கு அன்றைக்கு வீட்டில் ஏதோ கவலை இருந்திருக்க வேண்டும். மயிரிழை அளவு சாய்த்து ஒட்டிவிட்டார். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. தண்ணீரில் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிறகு டெல்மர் அதே மாதிரி எத்தனையோ வாங்கி, தகட்டை அரத்தால் ராவி, சூடு காட்டி வளைத்துப் பார்த்தான். ஒன்றுகூட அப்படி நீந்தவில்லை. சில வட்டமடித்தன. சில குப்புறக் கவிழ்ந்தன.

அதற்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தது ராய்ஸ்.

"பாரு, சர்ச்சுக்குத்தான் கிளம்புறான். பாதி வழியில சாராயக் கடை ஞாபகம் வந்துடுது. அப்புறம் பொண்டாட்டி ஞாபகம் வந்து திரும்பிடுறான்."

ராய்ஸ், டெல்மரின் மனைவி இமோஜீனுடைய தம்பி. படகு அவனுடையது. ஹேட்சர் ஏரியின் சனிக்கிழமைப் போட்டிகளில் இருவர் இருவராகத்தான் சேர முடியும். இருபது வருடத்துக்கு மேலாக அந்த இருவரும் ராய்ஸும் டெல்மரும்தான். ராய்ஸ் படகின் முன்முனையில், அணியத்தில் நின்று, சின்ன மோட்டாரைக் காலால் மிதித்துப் படகை ஓட்டுவான். டெல்மர் பின்னால் நிற்பான். பின்னால் நிற்பவனுக்குக் கிடைப்பது முன்னால் இருப்பவன் சலித்துவிட்டுப் போன தண்ணீர்தான். அந்தத் தண்ணீரிலிருந்தும் டெல்மர் மீன் எடுப்பான். ராய்ஸ் எறிந்து ஒன்றும் கிடைக்காத அதே மரக்கட்டையின் மேல் குடிகாரனை எறிவான். தூண்டில் கழி வளையும். ராய்ஸ் திரும்பிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். அந்தக் கெட்ட வார்த்தைக்காகவே டெல்மர் விடியுமுன் எழுந்து வருவதுண்டு.

மூன்று வருடத்துக்கு முன் அவனுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரையும் கொடுத்தார். படகுத்துறைகளின் பலகைக்கு அடியில், கூழாங்கல்லைத் தத்தவிடுவதுபோல் இரையைத் தாழ எறியும் வித்தை முதலில் போனது. பிறகு மெல்லிய தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடுவது போனது. மிச்சமிருந்தது, எறிந்துவிட்டு நரம்பைச் சுற்றி இழுப்பது மட்டும். எறிந்துவிட்டுச் சுற்றினால் போதும் என்ற ஒரு பொய்மீன் அவனிடம் இருந்தது. அது இருக்கும்வரை படகில் தன் இடமும் இருக்கும் என்று டெல்மர் நினைத்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவனே நினைத்துக்கொண்டதுதான்.

அதனால்தான் நடுக்கத்தின் மூன்றாம் வருடம் வசந்தத்தில் குடிகாரனைத் தடித்த நரம்பில் கட்டினான். ஆசையாக ஒரு பொய்மீனை வைத்திருக்கும் ஒவ்வொருவனும் ஒரு முறையாவது செய்கிற தப்பு அது. தடித்த நரம்பு அறுகாது. ஆனால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பொய்மீனை ஆழம் போக விடாது. மீன் கிடக்கும் கிளைகளுக்கு மேலே, அவற்றைத் தொடாமலே வந்துபோகும். குடிகாரன் அந்தக் கோடை முழுவதும் பத்திரமாக, நேராக, வீணாக நீந்திக்கொண்டிருந்தது. ராய்ஸ் பொறுத்துப் பார்த்தான். செப்டம்பரில் ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"டெல்மர், அது நரம்பா, இல்ல படகு கட்டுற கயிறா?"

"கொஞ்சம் தடிமன்தான்."

"கொஞ்சமா? எங்க அக்கா இதுல துணி காயப் போடலாம். குடிகாரனக் கட்டிப்போட்டு வச்சிருக்க. அவன் எங்கேருந்து ஆடுவான்?"

"அறுந்து போச்சுன்னா?"

"போகட்டும். நான் தொலைக்காததா? ஜப்பான்லேர்ந்து வரவழைச்சதுல பாதி இந்த ஏரிக்குள்ளதான் கெடக்கு. ஒக்காந்து அழுதுக்கிட்டா இருக்கேன்?"

"உன்னோடத திரும்ப வாங்கலாம்."

ராய்ஸ் மோட்டாரை மிதித்தான். கொஞ்ச தூரம் போனபின், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கோல்பி கேட்டுக்கிட்டே இருக்கான். அவனையும் ஒரு நாள் கூட்டிட்டு வரணும்."

கோல்பி ராய்ஸின் மகளைக் கட்டிய மருமகன். இளைஞன், நல்ல தோள். டெல்மர் அன்றிரவே தடித்த நரம்பை அவிழ்த்துவிட்டு, இமோஜீனைக் கூப்பிட்டு மெல்லிய நரம்பில் முடிச்சுப் போடச் சொன்னான். மூன்று தடவை அவிழ்த்து மறுபடி போட வைத்தான்.

அக்டோபர் கடைசியில் வருடத்தின் பெரிய போட்டி. படகுக்கு ஐந்து மீன், அவற்றின் மொத்த எடைக்குத்தான் கோப்பை. மத்தியானத்துக்கு மேல் அவர்கள் செடார் குவியலுக்குப் போனார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், இருவரும் சேர்ந்து செடார் மரங்களை வெட்டி, சிமெண்டுக் கட்டிகளைக் கட்டி, மீன் வந்து தங்கட்டும் என்று பழைய ஓடைக் கரையின் விளிம்பில் மூழ்கடித்த குவியல் அது. இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மனைவிகளுக்குக்கூடச் சொன்னதில்லை. மரக் கம்பெனிக் காட்டுக்குப் பின்னால் ஒதுங்கிய குடா அது. யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

டெல்மர் முதல் எறிதலிலேயே ஒன்றைப் பிடித்தான். பிறகு இன்னொன்று. மெல்லிய நரம்பில் குடிகாரன் கிளைகளுக்குள் இறங்கி, முட்டி, விலகி ஓடுவது விரல்வரை தெரிந்தது. கை நடுங்குவது அவனுக்கே மறந்துபோனது. நாலாவது மீனை வலையில் அள்ளும்போது ராய்ஸ் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னான். வெகுகாலம் கழித்து.

அடுத்த எறிதலில் மாட்டிக்கொண்டது. மீன் இல்லை, கிளை. டெல்மர் நரம்பைத் தளர்த்தினான், சுண்டினான், கழியை மேலே தூக்கி ஆட்டிப் பார்த்தான். வரவில்லை.

"ராய்ஸ், அந்தப் பக்கம் போ. பின்னாலேர்ந்து இழுத்தா வந்துடும்."

"இப்பவா? படகு மேல போச்சுன்னா அத்தனை மீனும் கலைஞ்சிடும்."

"ரெண்டு நிமிஷம்."

"இன்னும் ஒரு மீன் வேணும், டெல்மர். ஒண்ணே ஒண்ணு. உன் கண்ணு முன்னாடிதான் கெடக்கு. வேற கழிய எடு."

"நான் இத விடமாட்டேன்."

ராய்ஸ் அணியத்திலிருந்து இறங்கி வந்தான். டெல்மரின் தோளில் ஒரு கை வைத்தான். பாசமாகத்தான் வைத்தான். மறுகையில் சின்னக் கத்தரி இருந்தது. இறுக்கமாக நின்ற நரம்பைத் தொட்டதும் அது மெல்லத் துண்டாகிக் காற்றில் சுருண்டது.

டெல்மர் கழியைப் பிடித்தபடியே நின்றான்.

"ஜனவரியில தண்ணிய எறக்குவான்ல," என்றான் ராய்ஸ். "ரெண்டு பேரும் வந்து எடுத்துக்கலாம். பழம் பறிக்கிற மாதிரி. சத்தியமா."

ஐந்தாவது மீனை ராய்ஸ் பிடித்தான். பெரியது. எடை போடும் மேடையில் இருவரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் சாமான் கடைச் சுவரில் இப்போதும் இருக்கிறது. அதில் டெல்மர் சிரிக்கிறான். யாரோ சிரிக்கச் சொன்னார்கள்.

மின்சாரக் கம்பெனி குளிர்காலத்தில் ஏரியின் தண்ணீரை இறக்கும். நவம்பரில் கரை சிவப்பாகத் தெரியத் தொடங்கும். ஜனவரியில் குடாக்களில் நடந்தே போகலாம். ஊர்க்காரர்கள் ரப்பர் பூட்சும் வாளியுமாக இறங்கி, வருடம் முழுவதும் ஏரி விழுங்கிய பொய்மீன்களை வேரிலிருந்தும் கட்டையிலிருந்தும் பிடுங்குவார்கள். எடுத்தவனுக்குத்தான் சொந்தம். ஆனால் யாருடையது என்று தெரிந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை என்றாலும் இதை மீறியவன் பெயர் சாமான் கடை வாசலில் நல்லபடியாகப் பேசப்படாது.

டெல்மர் காத்திருந்தான். நன்றித் திருநாளுக்கு ராய்ஸ் வந்தபோது அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். ஜனவரி பாதி கடந்தது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் டெல்மர் தலையைத் தூக்குவான்.

"நீயே கூப்பிடேன்," என்றாள் இமோஜீன்.

"அவன்தான சொன்னான், வரேன்னு."

"அவன் சொன்னதுல பாதிய மறந்துடுவான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"இத மறக்கமாட்டான்."

கடைசியில் தனியாகவே போனான். காட்டு வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, தடியூன்றிச் சேற்றில் நடந்தான். ஏரியின் அடி வெட்டவெளியாகக் கிடந்தது. தண்ணீருக்குள் எப்போதும் ஊகமாகவே தெரிந்த இடம், பகல் வெளிச்சத்தில் சின்னதாக, அற்பமாக இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தான். செடார் குவியல் சேறு பூசி, பாதி சாய்ந்து நின்றது.

உச்சிக்கிளை இல்லை.

ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். வெட்டுவாயில் செடாரின் சிவப்பு இன்னும் மங்கவில்லை. விரலால் தேய்த்து முகர்ந்தான், மணந்தது. வெட்டுக்குக் கீழே தண்டில் மெல்லிய நரம்பு இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. இமோஜீன் முடிச்சுப் போட்ட அதே நரம்பு. அவன் அதைத் தொட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றான். சேற்றில் வேறு காலடித் தடம் எதுவும் இல்லை. அப்படியென்றால் படகில் வந்திருக்கிறார்கள். டிசம்பரில், தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது, உச்சி மட்டும் வெளியே தெரிந்த நேரத்தில். அந்த நேரத்தில் இந்தக் குடாவுக்குள், ஒரு கிளைநுனியைத் தேடி, ரம்பத்தோடு வரத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்து அவன் பின்னால் வெட்கப்பட்டான். ராய்ஸ் எடுத்துவிட்டான்! தான் வந்து சேற்றில் கஷ்டப்பட வேண்டாம் என்று முன்னாலேயே எடுத்து வைத்திருக்கிறான். முள் மாற்றிக்கொண்டிருப்பான். சீசன் தொடங்கும் நாளில் படகில் ஏறும்போது, "யாரு வந்திருக்கான் பாரு" என்று கையில் வைப்பான். ராய்ஸ் அப்படிச் செய்யக்கூடியவன்தான். அப்படிச் செய்தும் இருக்கிறான்.

கீழ்க்கிளைகளில் வேறு பொய்மீன்கள் தொங்கின. எல்லாம் ராய்ஸ் தொலைத்தவை. டிசம்பரில் அவை தண்ணீருக்கடியில் இருந்திருக்கும். நீல முதுகு, வெள்ளி வயிறு, உள்ளே எஃகுக் குண்டு உருளும் ஜப்பான் சரக்கு. டெல்மர் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கை நடுங்கியதால் நேரம் ஆனது. ஒரு முள் கட்டைவிரலில் ஏறியது.

வீட்டில் சமையலறை மேசைமேல் செய்தித்தாளை விரித்து, வினிகரில் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்தான். துரு ஏறிய முட்களைக் கழற்றிப் புதிய முட்களை மாட்டினான். நல்ல கை உள்ளவன் அரை மணியில் முடிக்கும் வேலை. அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. விரலெல்லாம் கட்டு.

"யாருக்கு இவ்வளவு மெனக்கெடுற?"

"உன் தம்பிக்கு."

இமோஜீன் எதிரே உட்கார்ந்தாள். அவன் அறுபட்ட கிளையைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தான்.

"அவன்கிட்ட நேரா கேளு. எடுத்தியாடான்னு."

"கேட்டு வாங்குறதா இருந்தா வேண்டாம்."

"ஏன்?"

டெல்மர் கையிலிருந்த பொய்மீனைக் கீழே வைத்தான். பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் பற்றியா இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தான். இல்லை என்று தெரிந்தது. எதைப் பற்றி என்று தெரியவில்லை.

பிப்ரவரியில், போட்டிக்குப் பெயர் கொடுக்கும் வாரத்தில், ராய்ஸ் வந்தான். கையில் மான் கறி சாஸேஜ் பொட்டலம். அவனே வேட்டையாடி அரைத்தது. இமோஜீன் வாங்கிப் பார்த்துவிட்டு, ராத்திரிக்கு இதையே பொரிக்கிறேன் என்று இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். ராய்ஸ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டான். மழையைப் பற்றிப் பேசினான். பாதிரியாரின் புது லாரியைப் பற்றிப் பேசினான்.

"கடவுளுக்கே அவ்ளோ பெரிய வண்டி தேவப்படாது, கெழவா."

டெல்மர் சிரித்தான். உண்மையிலேயே சிரிப்பு வந்தது. பிறகு பேச்சு நின்றது. இருபது வருடம் படகில் பேசாமலே நின்றவர்கள்தான். அந்த மௌனம் வேறு. இதில் ஒருவன் சொல்ல வந்ததைச் சொல்ல ஒரு கதவைத் தேடிக்கொண்டிருந்தான்.

அந்தக் கதவை டெல்மரே திறந்துவிட்டான்.

"இந்தக் குளிருக்கு ஏரிப் பக்கம் போனியா?"

"எங்க போறது? முழங்கால் இப்படி இருக்கு."

"ஒரு நாள்கூடப் போகலையா?"

"ஒரு நாள்கூட இல்ல." ராய்ஸ் தொப்பியின் விளிம்பைத் திருகினான். "குடிகாரனதான் கேக்குற. தெரியுது. போயிருந்தா எடுத்துட்டு வந்திருக்க மாட்டேனா? இந்நேரம் எவனாவது எடுத்திருப்பான். மரக் கம்பெனிப் பசங்க அந்தப் பக்கம் திரியுறானுங்க."

டெல்மர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதுகூட ஒரு வார்த்தை சொன்னால் போதும். சும்மா சொன்னேன் கெழவா, என்கிட்டதான் இருக்கு என்றால் போதும். வைத்துக்கொள், கோல்பிக்குக் கொடு என்று டெல்மரே சொல்லியிருப்பான். அப்படிச் சொல்லத் தயாராக இருந்தான்.

"இன்னொரு விஷயம்," என்றான் ராய்ஸ். "இந்த வருஷம் கோல்பிய சேத்துக்கலாம்னு பாக்குறேன். உன் கையும் இப்படி இருக்கு. குளிர்ல உனக்கும் கஷ்டம். அடுத்த வருஷம் பாப்போம்."

இமோஜீன் அவர்களுக்கு முதுகைக் காட்டித் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"சரி," என்றான் டெல்மர்.

அவன் எழுந்து உள்ளே போய்க் காப்பி டப்பாவைக் கொண்டுவந்து ராய்ஸின் முன் வைத்தான். ராய்ஸ் மூடியைத் திறந்தான். நீல முதுகுகள், வெள்ளி வயிறுகள். ஒன்றை எடுத்து ஆட்டினான், உள்ளே குண்டு உருண்டது. முகம் மலர்ந்தது, ஒரு கணம்தான்.

"எங்க கெடச்சுது?"

"செடார்ல. கீழ்க்கிளையில தொங்குச்சு."

ராய்ஸ் பொய்மீனைத் திரும்ப டப்பாவில் வைத்தான்.

"மேல்கிளை இல்ல," என்றான் டெல்மர். "யாரோ அறுத்துட்டுப் போயிட்டாங்க."

ராய்ஸ் டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே எண்ண வேண்டியது இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதுபோல. அவனுடைய கழுத்து சிவந்து ஏறியது. சட்டி சூடேறிக்கொண்டிருந்தது.

"முள்ளெல்லாம் புதுசு," என்றான் கடைசியில்.

"ஆமா."

"நீயா மாத்துன? அந்தக் கையோடயா?"

"ம்."

ராய்ஸ் மூடியை அழுத்தி மூடினான். எழுந்தான். டப்பாவை மேசையிலேயே விட்டுப்போவான் என்று டெல்மர் ஏனோ எதிர்பார்த்தான். ராய்ஸ் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ், டெல்மர்."

வாசல்வரை போனவனை இமோஜீன் கூப்பிட்டாள். சாஸேஜ் பொட்டலத்தை எடுத்துப்போய் அந்த டப்பாவின் மேல் வைத்தாள்.

"இதையும் எடுத்துட்டுப் போடா."

"அக்கா..."

"கோல்பி நல்லா சாப்பிடுவான்ல. அவனுக்குக் குடு."

கதவைச் சாத்தினாள். வெளியே ராய்ஸின் வண்டி உடனே கிளம்பவில்லை. டெல்மர் ஜன்னலுக்குப் போகாமல் நாற்காலியிலேயே இருந்தான். கதவு தட்டப்படும் என்று காது காத்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் அது கேட்கவில்லை. பிறகு எஞ்சின் உறுமியது. சரளைக்கல் நொறுங்கும் சத்தம் தெருமுனைவரை போய் ஓய்ந்தது.

அவன் ராய்ஸின் முகத்தில் வெட்கத்தைப் பார்க்க விரும்பினான். ஒரு வாரம் உட்கார்ந்து முள் மாற்றியது எதற்காக என்று இப்போது அவனுக்கே தெரிந்தது. அன்பினால் என்று அப்போது நினைத்திருந்தான். வெட்கத்தைப் பார்க்கவும் செய்தான். ஆனால் டப்பாவை அக்குளில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த முகத்தில் இன்னொன்றும் இருந்தது. நிம்மதி. இனி ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை, இனி வர வேண்டியதும் இல்லை. அந்த நிம்மதியை டெல்மரே தன் கையால் துடைத்து, புது முள் மாட்டி, டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

வெறும் சட்டி புகையத் தொடங்கியது. இமோஜீன் அடுப்பை அணைத்தாள்.

"முட்டை இருக்கு," என்றாள். "ரெண்டு போடட்டா?"

"பசி இல்ல."

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்த அவன் கையைப் பிடிக்கவில்லை. அவன் அதை விரும்பமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட இருவரும் எழுந்திருக்கவில்லை.